மேசைமேல் நான்கு தொப்பிகள்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நட்சத்திரப் பையன்கள் எங்கே போவார்கள் என்று கணிப்பது எப்படி?

2012 ஜனவரி, ஃப்ளோரிடா. பள்ளி முடிக்கப் போகும் தலைசிறந்த ஃபுட்பால் பையன்கள் ஆடும் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நடுவே தொலைக்காட்சிக் கேமரா லாண்டன் காலின்ஸ் என்ற லூசியானாக்காரர் பக்கம் திரும்புகிறது. பக்கத்தில் அம்மா. எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்கள். அலபாமா என்கிறார் மகன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார். மைக் தன் பக்கம் வந்ததும், சொந்த மாநிலத்து லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.தான் அவனுக்கு நல்ல இடம் என்று நேரலையிலேயே சொல்லிவிட்டார்.

நான் ஒஹாயோ மாநிலத்துக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர் இந்த வீடியோவைக் காட்டினார். எனக்கு நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங் ஞாபகம்தான் வந்தது. ஒரு வித்தியாசம்: அங்கே மாணவர்கள் கல்லூரிக்காக வரிசையில் நிற்கிறார்கள், இங்கே கல்லூரிகள் பையன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கின்றன. தன்னைக் கூப்பிடும் கல்லூரிகளின் தொப்பிகளை மேசைமேல் அடுக்கி, போகப்போகும் கல்லூரியின் தொப்பியைப் பதினேழு வயதுப் பையன் தலையில் வைப்பதை ஏன் ஒரு மாநிலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது, அந்தத் தொப்பியை அவன் எப்படித் தேர்ந்தெடுக்கிறான் என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

முதல் படி: நான்கு சொற்கள்

ஃபுட்பால் என்றால் இங்கே ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டம். அது தெரிந்ததுதான். தெரியாமல் குழம்புவது இந்த நான்கு சொற்களில்: ஆஃபர், கமிட், ஃபிளிப், சைன்.

ஆஃபர் என்பது கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப் வாக்கு. ஒரு பெரிய கல்லூரி ஒரு பேட்சில் சேர்ப்பது சுமார் இருபது, இருபத்தைந்து பேரை. ஆனால் ஆஃபர் என்று வாயால் சொல்வது நூற்றுக்கும் மேற்பட்ட பேருக்கு. அதனால் 'எனக்கு முப்பது ஆஃபர்' என்று ஒரு பையன் பதிவு போட்டால், முப்பதும் நிஜம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கமிட் ஆவது நிச்சயதார்த்தம் மாதிரி: ஊருக்குச் சொல்லியாயிற்று, தாலி இன்னும் ஏறவில்லை. நிச்சயம் செய்த இடத்தை விட்டு வேறு கல்லூரிக்குத் தாவினால் ஃபிளிப். சைன் என்பது கையெழுத்து. அதைப் போடும் நாள்தான் முகூர்த்தம்.

அந்த முகூர்த்தம் முன்பெல்லாம் பிப்ரவரி முதல் புதன்கிழமை. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. இப்போது பெரும்பாலோர் டிசம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள். பிப்ரவரி வரை காத்திருப்பவர்கள் சொற்பம். நாள்காட்டியில் டிசம்பர் முதல் வாரத்தைக் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: நட்சத்திரத்தை நம்புங்கள், அளவோடு

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் தருகின்றன. அமெரிக்கப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடுபவர்கள் சுமார் 10 லட்சம் பேர். ஒரு வருஷத்து பேட்சில் ஐந்து நட்சத்திரம் வாங்குவது முப்பது, முப்பத்தைந்து பேர். 247ஸ்போர்ட்ஸ் இந்த எண்ணிக்கையை, தொழில்முறை லீகான என்.எஃப்.எல். புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் இருக்கும் 32 இடங்களை மனதில் வைத்தே தீர்மானிக்கிறது. அதாவது ஐந்து நட்சத்திரம் என்றால், 'இந்தப் பையன் தொழில்முறை ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே எடுக்கப்படுவான்' என்ற ஆரூடம். ஆரூடம் பொய்ப்பதும் உண்டு. நம் வேலைக்கு, யாருக்குப் பின்னால் கல்லூரிகள் அலைகின்றன என்று தெரிந்தால் போதும்.

மூன்றாம் படி: மூன்று வருஷக் கணக்கைப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் என்.எஃப்.எல். யாரையும் எடுக்காது. ஆக, நட்சத்திரப் பையனுக்குக் கல்லூரி என்பது நான்கு வருஷப் பட்டம் மட்டுமல்ல, மூன்று வருஷக் கடிகாரம். அந்த மூன்றில் எத்தனை வருஷம் களத்தில் நிற்பேன், என் இடத்தில் எனக்கு முன்னால் யார் இருக்கிறார்கள், என் இடத்துக்குப் பயிற்சி தருபவர் இதற்கு முன் யாரை என்.எஃப்.எல்.லுக்கு அனுப்பியிருக்கிறார்? பையனும் குடும்பமும் இரவில் உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் இதைத்தான்.

இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கல்லூரியின் இணையதளத்தில் அணிப் பட்டியல் இருக்கும். பையன் ஆடும் இடத்தை மட்டும் வடிகட்டுங்கள். நான்காம் வருஷத்தில் இருப்பவர்களை அடித்துவிடுங்கள். மூன்றாம் வருஷத்தில் நன்றாக ஆடுபவர்களையும் அடித்துவிடலாம், டிராஃப்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் எத்தனை பேர்? அவர்களில் ஐந்து நட்சத்திரம் எத்தனை? இந்தக் காகிதம் கையில் இருந்தால் கணிப்பு பாதி முடிந்தது.

உதாரணத்துக்கு ஜெரமையா ஸ்மித். 2024 பேட்சின் முதலிடத்து வீரர், வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்), மயாமிக்குப் பக்கத்துப் பையன். ஃப்ளோரிடாவில் வெயிலும் கடலும் வீடும் இருக்க, ஆயிரம் மைலுக்கு அப்பால் பனி கொட்டும் கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதற்காக வர வேண்டும்? அங்கே ரிசீவர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தவர் பிரையன் ஹார்ட்லைன். அவர் கையில் வளர்ந்த காரெட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் 2022இல் முதல் சுற்றில் போனார்கள். 2023இல் ஜாக்ஸன் ஸ்மித்-இன்ஜிக்பா. 2024இல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் போகப் போவது ஊருக்கே தெரியும். ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை.

அப்படியும் கையெழுத்து நாள் சுலபமாக முடியவில்லை. 2023 டிசம்பர் 20 அன்று ஸ்மித் கேமரா முன்னால் ஒஹாயோ ஸ்டேட் என்று சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட காகிதம் கல்லூரிக்கு வரவில்லை. மணி ஆக ஆக எங்கள் அலுவலகத்தில் யாரும் வேலை செய்ததாகத் தெரியவில்லை. கடைசி வரை அவரை இழுத்துக்கொண்டிருந்தவை ஃப்ளோரிடாக் கல்லூரிகள். சாயங்காலம் காகிதம் வந்தது. முதல் வருஷத்திலேயே 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச்டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது). தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் நோட்ர டேமுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் 56 யார்டு பந்தைப் பிடித்ததும் அவர்தான்.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் மட்டும் தனிக் கணக்கு. ரிசீவர் என்றால் களத்தில் மூன்று பேருக்கு இடம் உண்டு. குவார்ட்டர்பேக் ஒரே ஒருவர். அதனால் அவர்கள் எப்போதும் காலி நாற்காலியைத் தேடுவார்கள் என்று நினைப்போம். ஆர்ச் மானிங் அப்படிச் செய்யவில்லை. தாத்தா ஆர்ச்சியும் சித்தப்பா ஈலையும் மிசிசிப்பி பல்கலைக்கழகமான ஓல் மிஸ்ஸில் ஆடியவர்கள், இன்னொரு சித்தப்பா பேட்டன் டென்னசியில். பேரன் குடும்ப வழியை விட்டு டெக்சஸுக்குப் போனார். அங்கே குவின் யூவர்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் காத்திருந்து, 2025இல்தான் அணி ஆர்ச் கைக்கு வந்தது. என்.எஃப்.எல். பார்த்த வீடு அது, அவசரப்படவில்லை. வாடகைக்கும் மருந்துக்கும் காசு பார்க்க வேண்டிய வீட்டுப் பையனிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நான்காம் படி: யார் கூப்பிடுகிறார்கள்?

பத்திரிகைகள் தலைமைக் கோச்சைப் பற்றியே எழுதும். நீங்கள் பொசிஷன் கோச்சை, அதாவது பையன் ஆடும் இடத்துக்கு மட்டும் பயிற்சி தருபவரைக் கவனியுங்கள். பையனுக்குத் தினமும் குறுஞ்செய்தி அனுப்புகிறவர், பாட்டியின் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர், வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி ஆட்டத்துக்கு வந்து ஓரமாக நிற்கிறவர் அவர்தான்.

தலைமைக் கோச்சே காரணமாவதும் உண்டு. அலபாமாவில் நிக் சேபன் ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். அவரிடம் ஆடியவர்களில் 40 பேருக்கும் மேல் டிராஃப்டின் முதல் சுற்றில் போனார்கள். 2024 ஜனவரி 10 அன்று அவர் ஓய்வு பெற்றார். உடனே என்ன நடந்தது பாருங்கள். முதல் வருஷத்திலேயே கலக்கிய கேலப் டவுன்ஸும், அப்போதுதான் சேர்ந்திருந்த ஐந்து நட்சத்திரக் குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயினும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள். அலபாமா மாநிலத்துப் பையனான ரயன் வில்லியம்ஸ் கமிட்டை விலக்கிக்கொண்டு, யோசித்து, மறுபடி அலபாமாவுக்கே திரும்பினார். கட்டடமும் ரசிகர்களும் அப்படியே இருக்க, ஒரே ஒருவர் எழுந்து போனதற்கு இவ்வளவு!

இதன் உச்சம் டிராவிஸ் ஹன்டர். 2022 பேட்சின் முதலிடம். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நீண்ட நாளாகக் கமிட் ஆகியிருந்தார். 2021 டிசம்பர் 15 அன்று மற்ற தொப்பிகளை ஒதுக்கிவிட்டு, வரலாற்றுரீதியாகக் கறுப்பின மக்களுக்கான சிறிய கல்லூரி ஜாக்சன் ஸ்டேட்டின் தொப்பியைப் போட்டார். யாரும் நம்பவில்லை. அங்கே கோச் டீயான் சாண்டர்ஸ், ஹன்டர் ஆடும் அதே கார்னர்பேக் இடத்தில் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) ஆடி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். தாக்குதல், தடுப்பு என இரண்டு பக்கமும் ஆட ஹன்டரை அவர் விட்டார். ஒரு வருஷம் கழித்து சாண்டர்ஸ் கொலராடோ போனார். ஹன்டரும் கூடவே போனார். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான 2024 ஹைஸ்மன் விருது, 2025 டிராஃப்டில் இரண்டாம் இடம். ஜாக்சன் ஸ்டேட் என்ற பெயரை மட்டும் பார்த்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். பையன் பார்த்தது மனிதரை.

ஐந்தாம் படி: வரைபடத்தை விரித்து, அம்மாவைப் பாருங்கள்

வீட்டிலிருந்து கல்லூரிக்குக் காரில் எத்தனை மணி நேரம்? ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டம் வரும். அம்மாவும் தம்பி தங்கைகளும் சனிக்கிழமை காலை கிளம்பி ராத்திரி திரும்ப முடிந்தால் அதற்குத் தனி எடை. 2011இன் முதலிடத்து வீரர் ஜடேவியன் கிளவுனி ராக் ஹில்காரர். நாடே கூப்பிட்டது, அவர் தன் மாநிலத்து சவுத் கரோலினாவுக்கே போனார். 2025 பேட்சின் முதலிடத்துக் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் மிஷிகனில் பெல்வில் ஊர்க்காரர். வருஷத் தொடக்கத்தில் எல்.எஸ்.யூ.வுக்குக் கமிட் ஆனவர், 2024 நவம்பரில் ஃபிளிப் ஆகி, வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே பணமும் பேசியது, அதற்கு வருகிறேன்.

அம்மா விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013இல் ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காலின்ஸ் அர்கன்சா போக முடிவு செய்தார். பள்ளியில் எல்லா ஏற்பாடும் தயார். வயது 21க்குக் குறைவு என்பதால் அப்போது பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. அம்மாவுக்கு மகன் பக்கத்து மயாமியில் இருக்க வேண்டும் என்று ஆசை. கையெழுத்துப் போடாமல் காகிதத்தோடு கிளம்பிவிட்டார். மறுநாள் அப்பா கையெழுத்துப் போட்டார். காலின்ஸ் அர்கன்சாவில் மூன்று சீசனும் ஆயிரம் யார்டு தாண்டினார். பையன் கணக்கு சரிதான். இருந்தாலும் அந்த அம்மாவின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை.

ஆக, பேட்டிகளில் பையன் பேசுவதைவிட, பின்னால் நிற்பவர்களின் சட்டை என்ன நிறம் என்று பார்ப்பது அதிகம் சொல்லும்.

ஆறாம் படி: பணம்

சட்டைப்பைக்குள் உறையைத் திணிக்கும் பழக்கம் பழையது. அதற்காகவே 1987இல் டல்லஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு முழு சீசனையே, கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. 2021 ஜூலை 1 முதல் கதை மாறியது: வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். ரசிகர்களும் பணக்காரப் பழைய மாணவர்களும் கூட்டுச் சேர்ந்து நிதி திரட்டும் குழுக்கள் முளைத்தன. அப்புறம் 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் ஒப்பந்தத்தின்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷ வரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. ஃபுட்பால் பலமாக உள்ள கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான்.

அண்டர்வுட்டுக்குப் பேசப்பட்டதாக வந்த செய்திகள் 1 கோடி டாலருக்கு மேல். ஆனால் செய்தியில் வரும் தொகையைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக் மயாமியை விட்டு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குத் தாவியபோது காகிதத்தில் இருந்த தொகை சுமார் 1.38 கோடி டாலர். அந்த ஏற்பாடு கலைந்துபோய், 2023இல் அவர் அரிசோனா ஸ்டேட்டில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

என் அனுபவத்தில் பணம் பட்டியலை எழுதுவதில்லை, பட்டியலின் கடைசி மூன்று பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. குவார்ட்டர்பேக் என்றால் இதுவும் பொருந்தாது. அங்கே பணம் முதல் பேச்சிலேயே வந்துவிடும். டெக்சஸ், ஃப்ளோரிடா, டென்னசியில் மாநில வருமான வரி கிடையாது. கணக்கு தெரிந்த அப்பாக்கள் அதையும் கூட்டிக்கொள்கிறார்கள்.

ஏழாம் படி: சறுக்குமரமும் பட்டமும்

கிளெம்சன் வீரர்களின் கட்டடத்தில் மாடியிலிருந்து இறங்கச் சறுக்குமரம் உண்டு. எல்.எஸ்.யூ. லாக்கர் அறையில் படுத்துத் தூங்கும் வசதியோடு இருக்கைகள். ஆரிகனுக்கு நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் கை இருப்பதால் சீருடைகளுக்குக் கணக்கே இல்லை. பையன்கள் இதையெல்லாம் படம் எடுத்துப் போடுவார்கள். இதற்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

படிப்பு அப்படி இல்லை. எல்லாருக்கும் இல்லை என்றாலும், சில வீடுகளில் அதுதான் முதல் கேள்வி. நான்கு வருஷ முடிவு அல்ல, நாற்பது வருஷ முடிவு என்று நோட்ர டேம் சொல்வதும், ஸ்டான்ஃபோர்டின் பெயரும் அந்த வீடுகளில் எடுபடும். முழங்கால் ஒரு நொடியில் போகும் ஆட்டம் இது.

எட்டாம் படி: எப்போது, எதைப் பார்க்க வேண்டும்

ஜூன் மாதம் வார இறுதிகளில் பையன்கள் கல்லூரிச் செலவில் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். அதிகாரபூர்வ வருகை என்று பெயர். கோச் வீட்டில் சாப்பாடு, சீருடை போட்டுப் புகைப்படம் எல்லாம் உண்டு. முக்கியமானது ராத்திரி: அணியில் ஏற்கெனவே ஆடும் ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு சுற்றுவார். கோச்கள் இல்லாத இடத்தில், 'இங்கே நிஜமாக எப்படி?' என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும். அடுத்து வரும் வாரங்களில் கமிட்டுகள் வரிசையாக வரும். கடைசியாகப் போன இடத்துக்குக் கொஞ்சம் சாய்மானம் இருக்கும். கணிக்கும்போது அதைக் கழித்துப் பாருங்கள்.

கமிட் ஆனபின் மூன்றைக் கவனியுங்கள். ஆள் இன்னும் வேறு ஊர்களுக்குப் போய்வருகிறானா? நிச்சயமான மாப்பிள்ளை வேறு இடத்தில் பெண் பார்த்தால் என்ன அர்த்தமோ அதுதான். அடுத்து, அதே இடத்துக்கு இன்னொரு ஐந்து நட்சத்திரத்தைக் கல்லூரி எடுத்துவிட்டதா? மூன்றாவது, நவம்பர் கடைசி. பரம வைரி அணிகளோடு ஆட்டம் முடிந்த கையோடு கோச்களை வேலையிலிருந்து தூக்குவார்கள். கையெழுத்து நாளுக்கு ஒரு வாரம்தான் இருக்கும். ஃபிளிப்புகள் குவிவது அந்த வாரத்தில்.

ஒன்பதாம் படி: கையெழுத்தோடு எழுந்து போய்விடாதீர்கள்

2018இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது, வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். 2021 முதல் முதல்முறை மாறும்போது ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதில்லை. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. நான் சொன்ன தாலி உவமை இந்த இடத்தில் உதைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பதினேழு வயதில் வைத்த தொப்பி பத்தொன்பது வயதில் மாறலாம்.

குவின் யூவர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் மாநிலத்துப் பையன். முதலில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குக் கமிட். பிறகு ஃபிளிப் ஆகி ஒஹாயோ ஸ்டேட். டெக்சஸ் பள்ளி விதிகள் விளம்பரப் பணம் வாங்க விடவில்லை என்பதால், 2021இல் பள்ளியின் கடைசி வருஷத்தையே விட்டுவிட்டு கொலம்பஸுக்கு வந்தார். 14 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. அந்த சீசன் முழுக்க அவர் களத்தில் ஆடியது இரண்டே இரண்டு ஸ்னாப், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த இரண்டே முறை. டிசம்பரிலேயே மூட்டை கட்டி, முதலில் சொன்ன டெக்சஸுக்கே திரும்பினார்.

கொலம்பஸில் அந்தச் சில மாதம் அவருக்கு அறைத்தோழனாக இருந்தவர் ஜாக் சாயர் என்ற உள்ளூர்ப் பையன். 2025 ஜனவரி 10, தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி, ஒஹாயோ ஸ்டேட்டும் டெக்சஸும். டெக்சஸ் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஒரு டச்டவுன் போட்டால் சமன். யூவர்ஸ் பந்தை எறியக் கையை உயர்த்துகிறார். பாய்ந்து வந்து பந்தைத் தட்டிப் பறித்து, 83 யார்டு தனியாக ஓடிப் போட்டவர் ஜாக் சாயர்.